மலை மறைக்காத படம்



கம்பம் பள்ளத்தாக்கின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலை, நடுவே வயல்களும் திராட்சைப் பந்தல்களும். உத்தமபாளையத்துக்கு அருகே வாழும் என் சிற்றன்னை, தம் வீட்டு மாடியில் டிஷ் பொருத்த எண்ணியபோது என்னைக் கேட்டார்: "ஏனப்பா, இரண்டு பக்கமும் மலை மறைக்கிறதே! இந்தக் கிண்ணத்துக்குள் படம் எந்த வழியாக வந்து விழும்?"

கேள்வி நியாயமானதே. தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்புக்கு மலை பெருந்தடை. ஆனால், 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவசச் சேவை, இன்று டிடி ஃப்ரீ டிஷ் என வழங்குவது, துணைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் அத்துணைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. தேனியிலிருந்து நோக்கினால் அது தென்கிழக்கே, தொடுவானுக்கு மேல் ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். நம் மலைகள் எவையும் வானில் அவ்வளவு உயரம் எழுந்து மறைப்பதில்லை. மலை மறைக்காது, ஆனால் வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையின் ஓலை மறைத்துவிடக்கூடும்!

இவ்வளவையும் விளக்கிய நான், செட்டாப் பாக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மறந்தேன். அது 2020-ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடியிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற என் தங்கைக்கு, மத்திய அரசின் ஸ்வயம் பிரபா அலைவரிசைகளில் வரும் இயற்பியல் பாடங்கள் வேண்டியிருந்தன. சிற்றன்னை கடையில் விலை குறைந்த பெட்டியை வாங்கினார். "எல்லாம் ஒன்றுதான்" என்றாராம் கடைக்காரர். படம் வந்தது, பாட்டு வந்தது, பாடம் மட்டும் வரவில்லை. திராட்சைத் தோட்டத்தில் கூலிவேலை செய்து சேர்த்த பணம் அது. மறுபடி பணம் சேர்த்து வேறு பெட்டி வாங்கும்வரை, தங்கைக்குச் சில வாரப் பாடங்கள் போயின.

காரணம் என்ன? டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கி அனுப்பப்படுகின்றன. அச்சுருக்கத்தை விரிப்பதே பெட்டியின் பணி. எம்பெக்-2 பழைய முறை. எம்பெக்-4 அதனினும் நன்றாகச் சுருக்கும் புதிய முறை. புதிய பெட்டி இரண்டையும் விரிக்கும். பழைய பெட்டிக்குப் புதியது புரியாது. தமிழ் மட்டும் கற்றவரிடம் கன்னடக் கடிதத்தை நீட்டியது போலத்தான். கடிதம் வந்து சேர்ந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

ஆகவே, நண்பர்களே, பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள். எந்த அலைவரிசை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது எவ்வழியே வருகிறது என்று அடுத்துக் கேளுங்கள். அதன் பிறகே பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். 2019-இல் தொடங்கிய தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியை அரசு கேபிள் வழியே காணலாம். அதற்குக் கேபிள் பெட்டி வேண்டும். கட்டணச் சேவை நிறுவனங்கள் தம் ஒளிபரப்பைப் பூட்டியே அனுப்புகின்றன. ஒருவர் பெட்டி மற்றவர் பூட்டைத் திறக்காது. இலவசச் சேவையை நாடுவோர், எம்பெக்-4 என்ற குறிப்பு பெட்டியில் உண்டா என்று பார்த்தே வாங்குக.

டிஷ்ஷின் அளவும் கருதத்தக்கது. இவ்வலைகளின் நீளம் சுமார் இரண்டரைச் சென்டிமீட்டரே. கனமழை இவற்றை நலியச் செய்யும். பழைய ஒளிபரப்பில் அலை நலிந்தால் படம் மங்கும். டிஜிட்டலிலோ ஓர் எல்லைவரை தெளிவாக இருந்து, பின் திடீரென உறைந்து நின்றுவிடும். 60 சென்டிமீட்டர் கிண்ணத்துக்குப் பதில் 90 சென்டிமீட்டர் கிண்ணம் வைத்தால், அலையை ஏந்தும் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. அடைமழைக் காலத்தில் அது கைகொடுக்கும்.

கடைக்குச் செல்லும் பெரியவர்களுடன் நீங்களும் செல்லுங்கள். நீங்கள் கற்ற இயற்பியல் தேர்வுத்தாளில் மட்டும் பயன்படுவதன்று. உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாமல் காக்கவும் அது உதவும். நான் கேட்கத் தவறிய ஒரு கேள்வியை, நீங்கள் தவறாமல் கேளுங்கள்.