புதிய கைப்பேசியும் மாற்றுக் கட்டணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பணிபுரியும் நம்மவர் புதிய கைப்பேசி வாங்கிய மறுமாதம், பில்லில் 35 டாலரோ அதற்கு மேலோ தனியே ஏறியிருக்கக் கண்டு திகைப்பதுண்டு. 'அப்கிரேடு கட்டணம்' என்பது அதன் பெயர். கருவியை ஒரு கடையிலும் இணைப்பை வேறோர் இடத்திலும் வாங்கிப் பழகிய நமக்கு இது விந்தையே. அங்கோ, தொலைபேசிக் கம்பெனியே கருவியையும் தவணைக்கு விற்பது நெடுநாள் வழக்கம். கருவியை மாற்றிப் பதிவு செய்வதற்கான கூலி இது என்பர்.

தப்பும் வழி எளிது. எந்தக் கம்பெனிக்கும் பூட்டப்படாத கருவியைத் தயாரித்தவரிடமே முழு விலைக்கு வாங்கி, பழைய சிம்மைத் தாமே அதில் பொருத்திக்கொள்ளலாம். 2022இல் வந்த ஐபோன் 14 வரிசையில், அந்நாட்டில் விற்றவற்றில் சிம் செருகும் இடமே இல்லை. அத்தகைய கருவிகளில் இ-சிம்மைத் திரையிலேயே மாற்ற வேண்டும். கடை ஊழியர் உதவ வந்தால், அவ்வுதவிக்கும் கூலி கேட்கக்கூடும்!

தயாரித்தவர் கடையிலேயே வாங்கினாலும், கம்பெனியின் தவணைத் திட்டத்தில் சேர்ந்தால் கட்டணம் பின்தொடரும். பழைய கருவிக்கு ஈடாகப் பல நூறு டாலர் தள்ளுபடி கிடைக்குமாயின், கட்டணத்தைச் செலுத்திவிடுவதே இலாபம். ஆனால் அத்தள்ளுபடி பெரும்பாலும் 24 அல்லது 36 மாதங்களில் சிறுகச் சிறுக வருவது. இடையில் விலகினால் எஞ்சிய தொகை கைக்கு வாராது.