அமெரிக்கத் தரைப்படையும் ஒசான் சமரும்



அமெரிக்காவின் போர்வலிமை என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன விமானந்தாங்கிக் கப்பல்களும் குண்டுவீச்சு விமானங்களுமே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் அந்நாடு ஈடுபட்ட பெரும் போர்களில், கைப்பற்றிய நிலத்தைக் காத்து நின்றவன் காலாட்படை வீரனே. அவனை அவனது நாடு எவ்வாறு போருக்கு அனுப்பியது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் உரையாசிரியர்கள் படையை மூலப்படை, நாட்டுப்படை, கூலிப்படை எனப் பலவாகப் பகுத்துரைப்பர். அமெரிக்கர் நெடுங்காலம் மூலப்படையை விரும்பாதவர். நிலையான பெரும்படை குடியாட்சிக்குக் கேடு என்பது அவர்தம் முன்னோரின் அச்சம். ஆகவே, போர் வந்தபின்னரே படை திரட்டுவர், முடிந்ததும் கலைப்பர். 1917 ஏப்ரிலில் ஜேர்மனிமீது போர் தொடுத்தபோது அவர்களின் நிரந்தரப் படையினர் ஏறத்தாழ 127,000 பேரே. பத்தொன்பது மாதங்களுள் ஜெனரல் பேர்சிங்கின் தலைமையில் இருபது இலட்சம் பேர் பிரான்சை அடைந்துவிட்டனர். வியப்பு யாதெனில், மோட்டார் வண்டிகளை இலட்சக்கணக்கிற் செய்து குவித்த அந்நாடு, தன் வீரர்க்கு வேண்டிய பீரங்கிகளையும் தாங்கிகளையும் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரரிடமே பெற்றது.

இரண்டாம் உலகப்போர் முடிவில் எண்பது இலட்சத்தை எட்டியிருந்த தரைப்படை, 1950இல் ஆறு இலட்சத்துக்கும் குறைந்திருந்தது. அவ்வாண்டு யூன் 25ஆம் நாள் வட கொரியப் படைகள் தெற்கே புகுந்தன. யப்பானிற் காவற்பணி புரிந்த 24ஆம் டிவிஷனிலிருந்து லெப்டினன்ட் கேணல் சாள்ஸ் ஸ்மித்தின் பிரிவு முதலில் அனுப்பப்பட்டது. பீரங்கிப் படையினரையும் சேர்த்து 540 பேர். அமெரிக்கரைக் கண்ட அளவிலேயே பகைவர் தயங்குவர் என்று மேலிடத்தார் நம்பினர். அந்த நம்பிக்கைதான் துப்பாக்கிக்குப் பதிலாக அவர்களிடம் கொடுக்கப்பட்டது போலும்!

யூலை 5ஆம் நாட் காலை, ஒசான் நகருக்கு வடக்கே, கொட்டும் மழையிற் குன்றொன்றின்மேல் அவர்கள் காத்திருந்தனர். முப்பதுக்கு மேற்பட்ட சோவியத்து தாங்கிகள் வந்தன. ஓர் இளம் உத்தியோகத்தர் மிக அண்மையில் நின்று 22 ரொக்கற்றுகளை ஏவினார் என்பர். அவை கனத்த கவசத்தைத் துளைக்க வலியற்றவை. துளைக்கவல்ல பீரங்கிக் குண்டுகளோ ஆறே ஆறு. சில தாங்கிகள் முடங்கின. ஏனையவை வீரரைக் கடந்து தெற்கே சென்றன. மழைமேகத்தால் விமான உதவியும் கிட்டவில்லை. பின்தொடர்ந்த காலாட்படையோடு பிற்பகல்வரை பொருதபின் எஞ்சியோர் பின்வாங்கினர். மாண்டோரும் காயமுற்றோரும் சிறைப்பட்டோரும் 150க்கு மேற்பட்டவர்.

பெரிய ரொக்கற்றுக் கருவி அமெரிக்கரிடம் இல்லாமலில்லை. இரு வாரங்களின் பின் தேஜோன் நகரில் அதே வகைத் தாங்கிகளை அது அழித்தது. ஒசானுக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவே.

1973இற் கட்டாயப் படைச்சேர்ப்பு நின்றபின், விரும்பிச் சேர்ந்தோரைக் கொண்டே தரைப்படை அமைந்தது. கெடுபிடிப்போர் ஓய்ந்து படைக்குறைப்பு மீண்டும் தொடங்கியபோது, 1991 முதல் 1995 வரை தரைப்படைத் தலைவராயிருந்த ஜெனரல் கோர்டன் சலிவன், ஸ்மித்தின் பிரிவுக்கு நேர்ந்த கதி இன்னொரு முறை நேரலாகாது என ஓயாது வற்புறுத்திவந்தார்.