பட்டறையில் விட்ட வண்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பேசப்போறது சேலை வியாபாரத்தைப் பத்தி இல்லை, என் வண்டியைப் பத்தி. வண்டி நின்னா வியாபாரம் நின்னுபோகுது, அதனால இதுவும் தொழில் அனுபவம்தான்.

நம்ம சங்கரன்கோவில் விசைத்தறிச் சேலையையும் துண்டையும் மொத்தமா எடுத்து, கரிவலம்வந்தநல்லூர், வீரசிகாமணி பக்கம் ஊர் ஊராப் போய்த் தவணைக்கு விக்கிறேன். முன்னே பஸ்ஸில் மூட்டையைத் தூக்கிட்டு அலைஞ்சேன். குழுக் கடனில் ஸ்கூட்டர் வாங்கின பிறகுதான் ஒரு நாளைக்கு மூணு ஊர் பார்க்க முடிஞ்சது.

போன வருஷம் ஆடித்தபசுக்குப் பத்து நாள் இருக்கும். ஆயில் மாத்தணும், பின் பிரேக் பிடிக்கலைன்னு ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். பட்டறைக்காரத் தம்பி யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அவர் வீட்டுக்காரி நம்ம கூட்டமைப்பில் இருக்கா. அந்தப் பட்டறைக்கே நம்ம கடன்தான் போயிருக்கு. அவகிட்ட கேட்டுட்டுத்தான் இன்னைக்கு இதைப் பேசுறேன்.

சாயங்காலம் வண்டியை எடுத்தேன். 650 ரூபாயை போனிலேயே அனுப்பினேன். பில் கேக்கலை. தெரிஞ்ச கடை, என்னத்துக்கு பில்லுன்னு ஒரு நினைப்பு.

ரெண்டு நாள் கழிச்சு கரிவலம் ரோட்டில் போகும்போது வண்டி இழுக்க மாட்டாம திணறுச்சு. ஒரு தீஞ்ச வாடை வந்தது. டக்குன்னு நின்னுபோச்சு. கிக்கரை மிதிச்சா இறங்கவே இல்லை. சேலை மூட்டையோட உருட்டிக்கிட்டு ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பையன் குனிஞ்சு பார்த்தான். எஞ்சினுக்கு அடியில், பழைய ஆயிலை வடிக்கிற போல்ட் இருக்கே, அதை ரெண்டு விரலால் திருப்பிக் காட்டினான். "அக்கா, ஆயில் மாத்துனவுக இதை முறுக்காம விட்டுட்டாக." எஞ்சினுக்கு மொத்தமே ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான். அது ஒழுகிப் போனா பிஸ்டன் சூடேறி, அது ஓடுற குழாயோட இறுகிக்கிடும். சீஸ் ஆயிட்டுன்னு சொல்லுவாங்க.

அவன் திருப்பிக் காட்டினதை போனில் வீடியோ எடுத்தேன். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே புத்தியான காரியம் அதுதான். அடுத்து செஞ்சது முட்டாள்தனம். லோடு ஆட்டோவில் ஏத்தி, அதே பட்டறையில் ஒரு சீட்டுகூட வாங்காம இறக்கிட்டு வந்தேன். மறுநாள் போனா எஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கு, போல்ட் இறுக்கமா இருக்கு. "வண்டி பழசு, நீங்க ஆயில் பாக்காம ஓட்டிட்டீங்க. 6,500 ஆகும், பணத்தைக் கட்டிட்டு எடுத்துக்கோங்க" என்றார்.

குழுக் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து போய்ப் பட்டறை முன்னால் நிப்போம்னு ஒரு அக்கா. அவன் பொண்டாட்டி அடுத்த கடன் கேட்டு எழுதியிருக்கா, அதை நிறுத்தினா தானா வருவான்னு இன்னொருத்தி. உண்மையைச் சொல்றேன், அந்த யோசனை எனக்குப் பிடிச்சிருந்தது. வயிறு எரிஞ்ச நேரம். எங்க ஊக்குநர் அக்காதான் கேட்டாங்க: "அவ ஒரு தவணை தவறினதில்லை. அவ புருஷன் போல்ட் முறுக்காததுக்கு அவ கடனை நிறுத்தினா, நாளைக்கு என் புருஷன் செய்யிறதுக்கு என் கடனை நிறுத்துவீங்களா?" ஒருத்தரும் வாய் திறக்கலை.

அப்புறம்தான் 1915க்கு போன் போட்டோம். அது தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கிடையாது. அங்கே கேட்டதையும் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சொல்றேன். 1986இல் வந்த நுகர்வோர் சட்டத்துக்குப் பதிலா 2019இல் புதுச் சட்டம் போட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்திருக்கு. பொருள் மட்டுமில்லை, காசு கொடுத்து வாங்குற வேலையும் அதில் அடங்கும். பிரச்சினை நடந்த ரெண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்லை. நாம கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தா கட்டணமும் இல்லை. "நீங்க வியாபாரத்துக்கு ஓட்டுற வண்டி, உங்களுக்கு இது செல்லாது"ன்னு பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். பிழைப்புக்காகச் சொந்தமாத் தொழில் செய்யிறவங்க அதுக்காக வாங்கின பொருளை வியாபார நோக்கம்னு தள்ள முடியாதுன்னு சட்டத்திலேயே இருக்கு. நம்மளைப் போல உள்ளவங்களுக்காகவே எழுதின மாதிரி இருந்தது.

1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் இருக்கு. ஒப்படைச்ச பொருளை, தன் சொந்தப் பொருளை ஒரு பொறுப்பான ஆள் எப்படிப் பார்த்துக்கிடுவாரோ அப்படிப் பார்க்கணும்னு அதில் சொல்லியிருக்கு. செஞ்ச வேலைக்குக் கூலி வரலைன்னா பட்டறைக்காரர் வண்டியை வைச்சுக்கிடலாம், அது அவர் உரிமை. ஆனா எஞ்சினைப் பிரிக்க நான் சொல்லவே இல்லையே!

ஒரு வெள்ளைத்தாளில் கடிதம் எழுதினோம். வண்டி எண், விட்ட தேதி, சொன்ன வேலை, போனில் அனுப்பின 650க்கு ஆதாரம், வண்டி நின்ன இடம், வீடியோ கையில் இருக்குங்கிறது, 15 நாளில் சரிசெய்து தரணும், இல்லாட்டி ஆணையத்துக்குப் போவேன். ஒரு வசவுகூட இல்லை. மூணு தடவை எழுதித்தான் வசவெல்லாம் போச்சு. ஒப்புகை அட்டையோட பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகல் எங்க குழுப் பதிவேட்டில் இருக்கு.

அட்டை திரும்பி வந்த மூணாம் நாள் தம்பியே வீட்டுக்கு வந்தார். அன்னைக்குக் கடையில் கூட்டம், கையாள் பையன்தான் ஆயில் மாத்தினான், நான் பாக்கலைன்னு ஒத்துக்கிட்டார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன், முழுசா பார்க்கக்கூட இல்லை. கூலி அவரோடது, சாமான் விலையில் 2,000 என்னோடது, மிச்சம் அவரோடதுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். வண்டி பழசுதான், அதில் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு நான் 2,000க்கு ஒத்துக்கிட்டேன். ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதுன்னு எங்க குழுவில் இன்னமும் சொல்லிக்கிட்டிருக்காங்க. ஆடித்தபசு வியாபாரம் போனது போனதுதான், அதுக்கு ஒரு ரூபாய் வரலை. அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஆத்திரம் வரும்.

அவர் வீட்டுக்காரி அடுத்த கூட்டத்துக்கு வந்தா. என் பக்கத்தில் வந்து உக்காந்து, "மைனி, கடன் கிடைச்சிட்டு"ன்னு மட்டும் சொன்னா. வேற ஒண்ணும் பேசிக்கலை.

இப்பவும் அங்கேதான் வண்டி விடுறியான்னு வாசலில் ஒரு அக்கா கேட்டாங்க. ஆமா, அங்கேதான். இப்ப அங்கே பில் புக் இருக்கு. பில்லை வாங்கிப் பையில் வச்சுட்டு, குனிஞ்சு அந்த போல்ட்டைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் வண்டியைக் கிளப்புவேன். தம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவார்.

அடுத்துப் பேச வேண்டியவங்க காத்திருக்காங்க.