கான்கிரீட்டும் பதினான்கு நாள் தண்ணீரும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"உயர்திறன் கான்கிரீட் பத்தி ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். புத்தகத்தில் இருப்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். நாமக்கல் பக்கம் ஒரு சாலைப் பாலம். மேல்தளத்துக்கு எம் 50 தரக் கான்கிரீட். சிமெண்டோடு மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல், கொஞ்சம் சிலிகா புகைத்தூள். தண்ணீர் விகிதம் 0.32 தான். சித்திரை வெயில், பொட்டல் காட்டுக் காற்று வேறு.

டேங்கர் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. வந்த டேங்கரையும் ஒரு பாட்டி குடத்தோடு மறித்தார். "ஏங் கண்ணு, எங்களுக்குக் குடிக்கவே தண்ணி இல்ல, நீங்க கல்லுக்கு ஊத்தறீங்களே!" எனக்குப் பதில் வரவில்லை. மேஸ்திரியோ, "இது ஸ்ட்ராங்கான கான்கிரீட் சார், இதுக்கெதுக்கு இத்தனை நாள் க்யூரிங்?" என்றார். ஐந்தாம் நாளோடு தண்ணீரை நிறுத்தினோம். பதிவேட்டில் "14 நாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.

சோதனைக் கட்டிகள் பாஸ். ஏன் பாஸ் ஆகாது? அவை 28 நாளும் 27 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் சுகமாகக் கிடந்தவை. வெயிலில் கிடந்தது தளம். அதில் வலை பின்னியதுபோல் விரிசல். துளைத்தெடுத்த மாதிரிகளின் சராசரி வலிமை, குறிப்பிட்ட தரத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. எங்களுடையது அதைத் தொடவில்லை. அந்தப் பகுதியை உடைத்து மறுபடி போட்டோம். உடைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரணம் எளிது. கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகுகிறது. ஈரம் போனால் வினை நின்றுவிடும். சாம்பலோ, சிமெண்ட் வெளிவிடும் சுண்ணாம்போடு மெதுவாகத்தான் சேரும். அதற்கு இன்னும் அதிக நாள் ஈரம் வேண்டும். அதனால்தான் வெப்பமான, வறண்ட இடங்களில் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், சாம்பல் கலந்ததற்கு 14 நாள் என்று அதே ஐ.எஸ். 456 சொல்கிறது. உயர்திறன் கலவையில் தண்ணீரே குறைவு. உள்ளுக்குள்ளேயே வறண்டு சுருங்கும். மேலே நீர் கசிந்து நிற்பதும் இல்லை என்பதால் போட்ட சில மணி நேரத்திலேயே மேல்பரப்பு வெடிக்கும். மேஸ்திரி சொன்னதற்கு நேர்மாறாக, வலுவான கான்கிரீட்டுக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும்.

முறைகளைப் பார்ப்போம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது தளத்துக்கு மிக நல்லது. ஆனால் தண்ணீர் அதிகம் குடிக்கும். பூச்சு அடிப்பது உள்ளிருக்கும் ஈரத்தைக் காக்கும், புதிதாகத் தராது. மேலே அடுத்த அடுக்கு ஒட்ட வேண்டிய இடத்தில் அதை அடிக்கவும் கூடாது. நீராவி முறை மறுநாளே வலிமை தரும். சூட்டை அவசரமாக ஏற்றினால் பிந்தைய வலிமை குறையும். எனவே நான் இப்போது செய்வது இதுதான்: போட்டவுடன் பாலிதீன் விரிப்பு, இறுகியதும் நனைத்த சணல் சாக்கு, அதன்மேல் மறுபடி விரிப்பு. விரிப்பின் கீழே ஈரம் தங்குவதால் பாத்தியைவிட மிகக் குறைந்த தண்ணீரில் 14 நாளும் ஓடிவிடும்.

அந்தப் பாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான். ஊருக்கும் தண்ணீர் மிஞ்சியிருக்கும், பாலமும் நின்றிருக்கும்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் சைட்டுக்குப் போவீர்கள். தொட்டியில் கிடக்கும் கட்டியை மட்டும் நம்பாதீர்கள். சாக்கைத் தூக்கி, கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.