முன்பணம் என்னும் விலங்கு
(குருசுக்குப்பம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் குப்பத்தில் மேடை போட்டால் கடலரிப்பைப் பற்றியும், மீன் விலையைப் பற்றியும் பேசுவது நமது வழக்கம். இன்று வேறொரு விஷயம் பேச வந்திருக்கிறோம். கடற்கரையை ஒட்டிய வீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் சாப்பாட்டுக் கடைகளாகவும் மாறியிருக்கின்றன. எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் சிறு ஸ்தாபனங்கள். அவர்களை டாட்டா, பிர்லாவோடு சேர்த்துத் திட்ட நாம் வரவில்லை. (சிரிப்பு)

"அடிமை முறைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் கடையில் எல்லோருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம்" என்று ஒரு விடுதிக்காரர் சொல்லக்கூடும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அவர் கடையில் பரிமாறும் முட்டை எங்கிருந்து வந்தது? கட்டிலில் விரித்த படுக்கை விரிப்பு எந்த நூலால் நெய்தது? அதை வெளுத்தவர் கைக்கு எவ்வளவு கூலி போயிற்று?

2020ம் ஆண்டில் நமது புதுச்சேரிப் பிரதேசத்திலேயே, வாத்து மேய்க்கும் வேலையில் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த இருளர் குலச் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். பெற்றோர் வாங்கிய சொற்ப முன்பணத்துக்காக அந்தக் குழந்தைகள் வாத்துக் கூட்டத்தின் பின்னால் அலைந்தார்கள். அங்கே அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை இந்த மேடையில் விவரிக்க நாம் விரும்பவில்லை. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்கிறது. முட்டை வியாபாரியிடம் போகிறது. அவரிடமிருந்து மார்க்கெட்டுக்கும் கடைகளுக்கும் போகிறது. இத்தனை கை மாறும்போது, மேய்த்தது யார் என்று கேட்கும் வழக்கம் நம்மில் யாருக்காவது உண்டா?

படுக்கை விரிப்புக்கு வருவோம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்றை நடத்தினார்கள். என்ன மங்களகரமான பெயர்! ஏழைப் பெண் மூன்று ஆண்டு ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவார்களாம். அது யார் பணம்? மாதாமாதம் அவளுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த அவளுடைய கூலிப் பணம்! நோய் கண்டு நடுவில் வெளியேறிய பெண்கள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. வெளியே போக அனுமதி இல்லை, வீட்டாரோடு தாராளமாகப் பேச வழியில்லை. 2011ல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சி அமைப்புகள் இதை அம்பலப்படுத்தின. 2014ல் அவை வெளியிட்ட இன்னோர் அறிக்கையும் நிலைமை பெரிதாகத் திருந்திவிடவில்லை என்றே காட்டிற்று.

புதுவை மக்களுக்கு இது புதுக் கதையல்ல. 1848ல் பிரான்சு தனது காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குப் புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அன்றும் முன்பணம், அன்றும் ஆள்பிடிக்கும் தரகன். பெயரை மாற்றி அதே சரக்கை விற்பதில் முதலாளித்துவம் மகா கெட்டிக்காரத்தனமுடையது.

ஆனால் இதே மண்ணில்தான் 1936 ஜூலை 30ம் நாள் சவானா மில் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தோழர் வ. சுப்பையாவும் தொழிலாளரும் நடத்திய அந்தப் போராட்டத்தின் விளைவாக 1937ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இதை நாம் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஆலைகளில் இன்று சங்கு ஊதுவதில்லை. விடுதிகளிலும் சலவைக் கூடங்களிலும் சங்கமும் இல்லை, எட்டு மணி நேரமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. அதன்படி கொத்தடிமைக் கடன் ரத்து. வைத்திருப்பவனுக்கு மூன்றாண்டு வரை சிறை. 1982ல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டிட வேலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி சென்றது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையும் அரசியல் சட்டம் 23வது ஷரத்து தடை செய்த பலவந்த உழைப்பே என்றது. ஆகவே காலில் சங்கிலி இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை, கூலிச் சீட்டைப் பார்த்தால் போதும்.

மறுபுறம் மோடி சர்க்கார் செய்தது என்ன? 1970ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் வைத்திருந்த காண்ட்ராக்டரையே கட்டுப்படுத்திற்று. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டம் அதை 50 ஆக்கிவிட்டது. நமது ஊர்ச் சலவைக் காண்ட்ராக்டர், காவலாள் அனுப்பும் ஏஜண்டு எத்தனை பேரிடம் 50 ஆள் இருக்கிறது? பிரான்சில் 2017ல் வந்த கண்காணிப்புக் கடமைச் சட்டமும் 5,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளுக்குத்தான். சிறு ஸ்தாபனத்தை எங்கும் யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் நாம் கேட்கிறோம். "எங்களிடம் கொத்தடிமை இல்லை" என்று சப்ளையரிடம் கையெழுத்து வாங்கி பீரோவில் வைப்பதால் பயனில்லை. காகிதத்துக்குக் காசா பணமா? முதலில் விலையைப் பாருங்கள். ஒரு விரிப்பு வெளுக்க அவர் கேட்கும் தொகையில் சோப்பு, தண்ணீர், மின்சாரம், வண்டிச் செலவு போக, ஓர் ஆளுக்குச் சட்டப்படி கூலி கொடுக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாதென்றால், யாரோ ஒருவருடைய கூலியைத்தான் நீங்கள் மிச்சம் பிடிக்கிறீர்கள். பிறகு நேரில் போங்கள், சொல்லாமல் போங்கள். வடநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளின் ஆதார் அட்டை யார் பெட்டியில் இருக்கிறது? முன்பணம் எவ்வளவு? இரவில் கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது? மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் பதில் வராது.

"நான் ஒருவன் மட்டும் கூடக் கொடுத்தால் பக்கத்து விடுதிக்காரன் என்னை விழுங்கிவிடுவான்" என்கிறீர்கள். நியாயமான பேச்சு. ஆகவேதான் தனித்தனியாக வேண்டாம் என்கிறோம். இந்த வட்டாரத்து விடுதிகள் ஒன்றுகூடி, சட்டக் கூலிக்குக் குறையாத சலவை ரேட்டை நிர்ணயிக்கட்டும். சலவைக் கூடத்தில் சங்கம் வைக்கத் தடை செய்யாதிருக்கட்டும். கொத்தடிமையைக் கண்டால் காண்ட்ராக்டரை மாற்றிவிட்டுக் கை கழுவாதீர்கள். அப்படிச் செய்தால் அந்தத் தொழிலாளி கடனோடு வேறொரு கூடத்துக்குப் போவான், அவ்வளவுதான். கலெக்டரிடம் எழுதிக் கொடுங்கள். கடன் சட்டப்படியே ஒழிந்துவிட்டது; விடுதலைச் சான்றிதழ் கிடைத்தால் மறுவாழ்வுத் திட்டப்படி உதவி கேட்கவும் வழி பிறக்கும்.

1976ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு விடுதிகளின் சலவைக் கூடங்களையும் வாத்துப் பட்டிகளையும் நேரில் பார்க்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருளர் பிரதிநிதியும் இடம்பெற வேண்டும் என்ற மனுவைத் தயாரித்திருக்கிறோம். மேடைக்கு இடப்புறம் மேஜையில் இருக்கிறது. தொழிலாளர்கள் முதலில் கையெழுத்திடுங்கள். விடுதிக்காரர்களுக்கும் கீழே இடம் விட்டிருக்கிறோம். (கைதட்டல்)