தியாகராய நகர்: வாக்குப்பதிவும் அரசியல் சார்பும்

ஒரு நகர்ப்பகுதியின் அரசியல் சார்பு என்று தேர்தல் முடிவுக்குப் பின் பேசப்படுவது, அப்பகுதியில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் சார்பே ஆகும். வராதவர்களின் தொகை வந்தவர்களின் தொகையை நெருங்கி நிற்கும் இடங்களில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆய்வையும் அரசியலையும் ஒருங்கே பிழைபடச் செய்யும். சென்னையின் தியாகராய நகர்ச் சட்டமன்றத் தொகுதி இதற்குத் தக்க சான்று. 2021 ஏப்ரல் 6ஆம் நாள் நடந்த தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 73 விழுக்காட்டு வாக்காளர் வாக்களித்தபோது, இத்தொகுதியில் வாக்களித்தோர் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே; திமுக வேட்பாளர் அதிமுக வேட்பாளரை 137 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்; வாக்களிக்காதோரோ ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். 2011இலும் 2016இலும் அதிமுகவைத் தேர்ந்த தொகுதி 2021இல் திமுக பக்கம் சாய்ந்தது என்று எழுதிவிடலாம். ஆயினும் மாறியது மக்களின் மனமா, அன்று வந்தவர்களின் கலவையா என்பதை அந்த 137 வாக்குகளைக் கொண்டு எவராலும் அறுதியிட இயலாது.

தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பட்டு உருவானது. நீதிக்கட்சியை நிறுவியோரில் ஒருவரும் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவருமான பிட்டி தியாகராயர் பெயரையே இது தாங்கி நிற்கிறது. பனகல் பூங்கா, உஸ்மான் சாலை முதலிய பெயர்களும் அக்கால அரசியலை நினைவூட்டுவன. ஆயினும் அதே தொகுதியில், இருப்புப்பாதைக்கு மேற்கே, மேற்கு மாம்பலம் அமைந்துள்ளது. 2022 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் 200 வார்டுகளில் 153ஐத் திமுக தனித்து வென்றபோது, பாஜகவுக்குக் கிடைத்த ஒரே வார்டு மேற்கு மாம்பலத்தைச் சேர்ந்த 134ஆம் வார்டு. ஒரு தொகுதிக்குள்ளேயே சார்பு தெருவுக்குத் தெரு வேறுபடுகையில், தொகுதியின் மொத்த எண்ணிலிருந்து அங்கு வாழும் தனிமனிதரின் சார்பை ஊகிப்பது பெரும்பிழை. தொகுப்பின் இயல்பை உறுப்பினர்மேல் ஏற்றும் இத்தவற்றை அமெரிக்கச் சமூகவியலர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இலேயே புள்ளிவிவர அடிப்படையில் விளக்கிக் காட்டினார். எனவே நகர்ப்பகுதியை ஆராய்வோர் தொகுதியை விட்டு இறங்கி, ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டும் 20ஆம் படிவத்திலிருந்து தொடங்குவதே முறை.

வாக்குப்பதிவு விழுக்காடு என்பது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களுள் வாக்களித்தோரின் பங்கு. ஆகவே பட்டியல் பிழையானால் விழுக்காடும் பிழையாகும். வாடகை வீட்டார் மிகுந்த நகரில் குடும்பங்கள் இடம்பெயர்ந்துகொண்டே இருக்க, பெயர் பட்டியலின் பழைய பாகத்திலேயே தங்கிவிடுகிறது. இறந்தோர் பெயரும் எளிதில் நீங்குவதில்லை. கூவக்கரைக் குடியிருப்புகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்டோரில், வாக்காளர் அட்டையில் பழைய முகவரியே உள்ளவர்களுக்கு, வாக்களிப்பதென்பது ஒருநாள் கூலியையும் நெடுந்தொலைவுப் பேருந்துப் பயணத்தையும் விலையாகக் கேட்பது. இவர்களைப் பொறுப்பற்றவர் என்பது அநீதி. 2025 டிசம்பரில் வெளியான தமிழ்நாட்டு வரைவு வாக்காளர் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டன என்பதிலிருந்தே, அதுவரை கணக்கிடப்பட்ட விழுக்காடுகளின் அடித்தளம் எத்தகையது என்பது விளங்கும். உண்மையான வாக்காளர் பெயரும் அவற்றுள் சேர்ந்து நீங்கியிருக்கக்கூடும் என்பது அதனினும் கவலைக்குரியது.

பட்டியலின் குறையைக் கழித்த பின்னும் விளக்கப்பட வேண்டிய வேறுபாடு எஞ்சுகிறது. 2024 மக்களவைத் தேர்தலில் உழைப்பாளர் மிகுந்த வடசென்னையில் ஏறத்தாழ 60 விழுக்காடும், தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் ஏறத்தாழ 54 விழுக்காடும் பதிவாயின. செல்வமும் கல்வியும் உடையோரே மிகுதியாக வாக்களிப்பர் என்னும் அமெரிக்க அனுபவத்துக்கு இந்தியா பொதுவாக உடன்படுவதில்லை. குடும்ப அட்டை, பட்டா, குழாய்நீர், சாதிச் சான்று என அரசின் தயவை அன்றாடம் எதிர்நோக்குபவருக்கு வாக்கு ஒரு கருவி; நீரையும் காவலையும் பள்ளியையும் பணங்கொடுத்துப் பெற்றுக்கொள்பவருக்கு அக்கருவியின் தேவை குறைவாகத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றம் பொய்யானது. 2015 டிசம்பர் வெள்ளம் அடுக்குமாடியையும் குடிசையையும் பிரித்துப் பார்க்கவில்லை. மழைநீர் வடிகாலைப் பணங்கொடுத்துத் தனியே வாங்க எவராலும் முடியாது. அவ்வடிகாலுக்குப் பொறுப்பான மாநகராட்சியைத் தேர்ந்தெடுக்கும் நாளில்தான், 2022இல், சென்னை வாக்காளரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் மட்டும் வாக்களித்தனர். 2016 அக்டோபர் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இன்றி அதிகாரிகளால் நடத்தப்பட்ட மாநகராட்சி அது என்பதால், மாமன்ற உறுப்பினர் என்றொருவர் இருப்பதன் பயனே மக்களுக்கு மறந்துபோயிருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சார்பும் வாக்குப்பதிவும் ஒன்றையொன்று உருவாக்குவது கட்சிகளின் களப்பணியில்தான். கட்சிகளின் வட்டச் செயலாளர்களும் பூத் முகவர்களும் எந்தத் தெரு எப்பக்கம் என்பதை முந்தைய கணக்கைக் கொண்டு அறிவர். தமக்கு வாக்கு விழும் தெருவில் பலமுறை கதவைத் தட்டுவதும், சாராத தெருவையும் காவலாளி தடுக்கும் அடுக்குமாடி வளாகத்தையும் விட்டுவிடுவதும் அவர்களுக்கு இயல்பு. அலன் கெர்பர், டொனால்டு கிரீன் ஆகியோர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் நடத்திய கள ஆய்வில், வீட்டுக்கு நேரில் சென்று அழைத்தது வாக்களிப்பை உயர்த்தியது. தொலைபேசி அழைப்பு உயர்த்தவில்லை. அழைக்கப்படாத தெரு வாக்களிக்காது. வாக்களிக்காத தெருவை அடுத்த தேர்தலில் எவரும் அழைக்கார். இச்சுழலை உடைக்கும் பொறுப்பைக் கட்சிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் கட்சிச் சார்பின்றித் தம் பாகத்தின் வாக்காளர் பட்டியலை ஆண்டுதோறும் வீடுவீடாகச் சரிபார்க்கவும், குடிவந்த வாடகைதாரருக்கு முகவரி மாற்றத்துக்கான 8ஆம் படிவத்தை நிரப்பித் தரவும், தேர்தல் நாளில் தம் வளாகத்தின் கதவுகளைத் தாமே தட்டவும் முன்வர வேண்டும்.