நிவாரணப் பணம் யார் கைக்குப் போகணும்?

(வானொலியில் விவசாயிகளுக்காக ஒலிபரப்பான உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்குப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். கொள்ளை நோய் வந்து ஊரே முடங்கிக் கிடக்கும்போது அரசாங்கம் கொடுக்கிற நிவாரணப் பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? "கொரோனாதான் வந்து போயிடுச்சே, இப்ப எதுக்குங்க இந்தப் பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளம் வந்த பிறகு வாய்க்காலைத் தூர் வார முடியுமா? கோடையில்தானே வாருகிறோம்! அது மாதிரிதான் இதுவும்.

முதலில் நடந்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. தமிழக அரசு, அரிசி வாங்கும் குடும்ப அட்டைக்கு ரூ.1,000 ரொக்கமும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றை விலையில்லாமலும் கொடுத்தது. 2021-இல் இரண்டாவது அலை வந்தபோது, சுமார் 2 கோடியே 7 லட்சம் அட்டைகளுக்கு ரூ.4,000 இரண்டு தவணையாகக் கிடைத்தது. மத்திய அரசு, ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020-இல் மாதம் ரூ.500 வீதம் மூன்று மாதம் போட்டது. பி.எம்.கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு மூன்று தவணையாக வரும் ரூ.6,000-இல், ஒரு தவணை ரூ.2,000-ஐ 2020 ஏப்ரலிலேயே விடுவித்தது.

சரி, இதெல்லாம் யார் வீட்டுக்குப் போச்சு? உங்க ஊரில் ஒரே தெருவில் நாலு வீடு இருப்பதாக வச்சுக்குங்க.

முதல் வீட்டுக்காரருக்கு மூணு ஏக்கர் பட்டா. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மகன் டவுனில் மாதச் சம்பளக்காரர். இந்த வீட்டுக்கு அட்டைப் பணமும் வந்தது, பி.எம்.கிசான் பணமும் வந்தது. அந்தத் திட்டத்தில் பார்ப்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். யார் உழுகிறார்கள் என்று பார்ப்பதில்லை.

இரண்டாவது வீட்டுக்காரர்தான் அந்த மூணு ஏக்கரையும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு எடுத்து சம்பங்கியும் காய்கறியும் போட்டவர். கோயில் பூட்டிக் கிடந்தது, கல்யாணம் காட்சி இல்லை, சந்தையும் இல்லை. பறித்த பூவைக் குப்பையில் கொட்டினார். குத்தகைப் பாக்கி மட்டும் நின்றது. அட்டைப் பணம் அவருக்குக் கிடைத்தது. விவசாயிக்கு என்று வந்த பணத்தில் காலணா கூட அவருக்கு இல்லை. நஷ்டப்பட்டவர் அவர், பணம் வாங்கியவர் முதல் வீட்டுக்காரர்!

மூன்றாவது வீட்டில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அம்மா. விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று அரசு விலக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் பஸ் ஓடவில்லையே, அடுத்த ஊர் நடவுக்கு எப்படிப் போவது? அந்த வீட்டில் உலை கொதித்தது ரேஷன் அரிசியிலும் அந்த ரொக்கத்திலும்தான்.

நான்காவது வீட்டில் புதுசாகத் தனிக்குடித்தனம் வந்த பிள்ளைகள். பெயர் இன்னும் அப்பா அட்டையிலேயே இருக்கிறது. அதனால் அவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. ஊர் எல்லையில் செங்கல் சூளைக்கு வெளி மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருந்த குடும்பங்களுக்கும் இங்கே அட்டை கிடையாது. அப்படி அட்டை இல்லாத தொழிலாளிகளுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்ததே 2020 மே மாத நடுவில்தான். அதற்குள் ஊரடங்கு தொடங்கி ஏழு வாரம் ஓடிவிட்டது.

இப்போது நீங்களே சொல்லுங்க. நிவாரணம் கொடுப்பதில் இரண்டு விதமான தப்பு வரும். ஒன்று, தேவையில்லாதவர் வாங்கிவிடுவது. மற்றொன்று, தேவையுள்ளவர் விட்டுப்போவது. இதில் எது பெரிய தப்பு? வசதிக்காரர் ஆயிரம் ரூபாய் வாங்கினால் கஜானாவுக்கு ஆயிரம் நஷ்டம். அன்றாடங்காய்ச்சி விட்டுப்போனால் அந்த வீட்டுப் பிள்ளை பட்டினி. தலைமடைக்காரர் நாலு அங்குலம் கூடத் தண்ணீர் கட்டுகிறார் என்று மதகையே அடைத்துவிட்டால், முதலில் காய்வது கடைமடைதான்.

அதனால், நோய் திடீரென்று வந்து வேலை நின்றுபோகிற நேரத்தில், விசாரணை, விண்ணப்பம் என்று நாளைக் கடத்தாமல் எல்லா அட்டைக்கும் கொடுத்தது சரியான காரியம் என்பது என் கருத்து. வீட்டுக்கு வந்து டோக்கன் கொடுத்து, ரேஷன் கடையில் கையில் ரொக்கமாகவே தந்தார்கள். பேங்க் வாசலில் நிற்கிற அலைச்சல் மிச்சம். வசதியுள்ளவர்கள் "எனக்கு வேண்டாம்" என்று விட்டுக்கொடுக்கலாம். அது அவரவர் மனசு.

அதற்காக ஏமாற்றுவதைச் சரி என்று சொல்லவில்லை. 2020-ஆம் வருஷமே தமிழ்நாட்டில் பி.எம்.கிசான் முறைகேடு வெளியே வந்ததே, ஞாபகம் இருக்கா? தகுதி இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை விவசாயி என்று பதிந்து, சுமார் ரூ.110 கோடி போய்விட்டது. "கொரோனா பணம் வரும்" என்று ஏழைகளிடம் ஆதார் நகலை வாங்கிக்கொண்டு தரகர்கள் கமிஷன் அடித்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு போலீஸ் விசாரணை வந்தது, பலர் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். குத்தகை விவசாயிக்கும் கூலியாளுக்கும் நேர் வழி இல்லாததால்தான் தரகன் கொல்லை வழி காட்டினான். நேர் வழியைத் திறந்து வைத்தால் தரகனுக்கு ஏது வேலை?

ஆகவே முறை இப்படி இருக்கணும். வயிற்றுப்பாட்டுக்கான உதவி, வேலை நின்ற வீட்டுக்கெல்லாம் முதலில் போகணும். அட்டை இல்லாதவரையும் ஊரில் தேடிப் பிடித்துச் சேர்க்கணும். விளைச்சல் நஷ்டத்துக்கான உதவி, பயிர் வைத்தவருக்குப் போகணும். பட்டாவை மட்டும் பார்த்துக் கொடுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி இருக்கிறதே, அதே நியாயம் நிவாரணத்துக்கும் வரணும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று காரியம் சொல்கிறேன், கவனமாகக் கேட்டுக்குங்க.

ஒன்று: குடும்ப அட்டையைச் சரிபாருங்கள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற பிள்ளைகள், பெற்றோர் அட்டையில் பெயரை நீக்கிவிட்டுப் புது அட்டைக்கு இ-சேவை மையம் மூலம் இப்போதே மனுப் போடட்டும். ஆபத்து வந்த பிறகு போட்டால் காலத்தில் கிடைக்காது.

இரண்டு: குத்தகை விவசாயிகள் எழுத்தில் ஒரு ஆதாரம் வச்சுக்குங்க. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெறும்போது சாகுபடி செய்பவர் பெயர் வருகிறதா பாருங்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். நிலக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பதிந்தால் நிலம் போய்விடும் என்ற பயத்தில், உழுகிறவர் பெயரை ஒரேயடியாக மறைத்துவிடாதீர்கள். உங்கள் நிலத்தில் வியர்வை சிந்துகிறவர் அவர்தான்.

மூன்று: கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், "நம்ம ஊரில் அட்டை இல்லாதவர் யார்? தனியாக இருக்கிற முதியவர் யார்? பிழைக்க வந்து தங்கியிருப்பவர் யார்?" என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். அதிகாரிக்கு ஊர் முழுக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அடுத்த நோய் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது. வரும்போது நம்ம தெருவில் இரண்டாவது வீடும் நாலாவது வீடும் விட்டுப்போகாமல் இருக்க, இந்தக் கோடையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.